பதினான்கு குழி, பதிமூன்று சத்தம்

பிள்ளைகளே, நம் வீட்டு இரும்பு அலமாரியில், உங்கள் பள்ளிச் சான்றிதழ்கள் இருக்கிற தட்டில், இங்கிலீஷில் ஒரு புத்தகம் இருக்கிறது. மூடிப்போன சின்னச் சின்னச் சுரங்கங்களின் கதை அது. அதில் ஒரு அத்தியாயம் தாத்தா வேலை பார்த்த தங்கச் சுரங்கத்தைப் பற்றியது. தாத்தாவின் படமும் போட்டிருக்கிறார்கள். படத்துக்குக் கீழே அவர் சூப்பர்வைசர் என்று எழுதியிருப்பது பொய். இரண்டு பக்கம் தள்ளி, செத்துப்போன ஒரு மனிதரைப் பற்றி எழுதியிருப்பது அதைவிடப் பெரிய பொய். இரண்டுக்கும் காரணம் நான்தான்.

நான் பத்தாவது வரை படித்தவன். கார் ஓட்டிப் பிழைக்கிறவன். இவ்வளவு நீளமாக எதையும் எழுதியதில்லை. தம்பிக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்பதால், அக்கா அவனுக்குப் படித்துக் காட்டட்டும். எந்த வரியையும் விட்டுவிட்டுப் படிக்காதே அம்மா. விட்டுவிட்டுச் சொன்னதால் வந்த வினையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் சுரங்கத்தைச் சொல்கிறேன். எல்லாருக்கும் தெரிந்த பெரிய தங்கவயல் வேறு. எங்களுடையது அதிலிருந்து தள்ளி, பாறையும் முள்ளுமான ஒரு மேட்டில் இருந்தது. பெரிய இடத்து ஆட்கள் அதைக் கடுகுச் சுரங்கம் என்று கிண்டல் செய்வார்கள். ஒரு வண்டிக் கல்லை அரைத்தால் ஒரு கடுகளவு தங்கம் வரும் என்று கணக்கு. மன்னர் காலத்தில் யாரோ தோண்டிவிட்டுப் போன பள்ளங்களைப் பார்த்து வெள்ளைக்காரக் கம்பெனி வந்ததாம். கீழே இறங்க ஒரு கிணறு மாதிரி வெட்டினார்கள், அதற்குச் சாஃப்ட் என்று பெயர், அதில் ஆட்களை ஏற்றி இறக்க ஒரு இரும்புக் கூண்டு. வட ஆற்காட்டுப் பக்கமிருந்து நம் ஆட்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். தகரக் கூரை போட்ட லைன் வீடுகள், ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர். சங்கு ஊதினால் ஒரு கூட்டம் கீழே போகும், ஒரு கூட்டம் மேலே வரும். கல்லை மில்லில் அரைத்து, மருந்துத் தண்ணீரில் ஊறவைத்துத் தங்கத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கொட்டிக் கொட்டிச் சாம்பல் நிறத்தில் ஒரு மலையே எழுந்துவிட்டது. வெயில் காலத்தில் அந்த மண் பறந்து வந்து சோற்றில் விழும். எங்கள் லைனில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் தோடு வாங்க பஸ் ஏறி வேறு ஊருக்குத்தான் போவார்கள். ஊரில் ஒரு நகைக்கடை கிடையாது.

பிறகு வெள்ளைக்காரன் போய், நம் ஆள் கம்பெனி வந்தது. கடைசியில் சர்க்கார் எடுத்துக்கொண்டது. கடுகு இன்னும் சிறுத்தது. ஒரு நாள் மூடிவிட்டார்கள். தண்ணீர் இறைக்கிற பம்பை நிறுத்தியதும் சாஃப்ட்டில் அடியிலிருந்து தண்ணீர் ஏற ஆரம்பித்ததாம். தாத்தா தினமும் போய்க் கல் போட்டுப் பார்ப்பாராம், எவ்வளவு மேலே வந்திருக்கிறது என்று. மூடச் சொன்ன காகிதம் டில்லியிலிருந்துதான் போயிருக்கும். நான் வெளியே காரை நிறுத்திவிட்டுக் காத்துக்கொண்டிருக்கிற கட்டடங்களில் ஏதோ ஒன்றில் அதை டைப் அடித்திருப்பார்கள்.

அந்தச் சுரங்கத்தில் தாத்தா வெடிக்காரர்களின் கூட்டத்தில் ஒருவர். பாறையில் குழி போட்டு, மருந்து வைத்து, திரி கொளுத்திவிட்டு ஓடுகிற கூட்டம் அது. நான் டில்லிக்கு வந்து டிரைவர் வேலையில் சேர்ந்தபோது இதை யாரிடமும் சொல்லவில்லை. லோதி ரோடு சிக்னலில் ஒரு நாள், நான் கார் ஓட்டிய சாப், பின்னாலிருந்து இந்தியில் கேட்டார்: "உன் அப்பா என்ன செய்துகொண்டிருந்தார்?" சிக்னல் சிவப்பில் இருந்தது. கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. "தங்கச் சுரங்கத்தில் சூப்பர்வைசர், சாப்" என்றேன். "அச்சா!" என்றார். அவர் குரலில் ஒரு மரியாதை வந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது.

அந்தச் சாபின் மகள்தான் புத்தகம் எழுதியவர். பாட்டி இறந்தபிறகு தாத்தா நம்மோடு ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மலை மந்திர் முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போனால் படியேற முடியாமல் கீழேயே உட்கார்ந்து இருமிக்கொண்டிருப்பாரே, அந்தச் சமயம். அந்த அம்மாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நொய்டாவிலிருந்து நம் வீட்டுக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. தாத்தாவுக்கு இந்தி தெரியாது. நடுவில் நான் உட்கார்ந்தேன். தாத்தா சொல்வதை இந்தியில் சொல்வது என் வேலை. உங்கள் அம்மா சமையலறையில் இருந்தாள். தம்பி கைக்குழந்தை. அக்கா, உனக்குப் பதினோரு வயது. தாத்தாவின் கட்டிலில் அவர் காலடியில் உட்கார்ந்திருந்தாய். அந்த அறையில் இரண்டு பாஷையும் தெரிந்தவர்கள் இரண்டே பேர், நானும் நீயும். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

ஷிப்டு முடிந்து மேலே வந்ததும் ஆட்களைச் சோதிப்பார்களாமே, அது எப்படி என்று அவர் முதலில் கேட்டார். தாத்தா உற்சாகமாகிவிட்டார்.

"கோமணத்தோட நிக்க வப்பான். வாயத் தொற, நாக்கத் தூக்கு, தலமயிர உதறு. அப்பறம் குறுக்கால ஒரு மூங்கில் கட்டி வச்சிருப்பான், அதத் தாண்டணும். கொரங்காட்டம் தாண்டுவோம். தங்கம் திருடறவன் அதுக்கெல்லாம் வேற வழி வச்சிருந்தான். மூங்கில் தாண்டனவனுங்க எல்லாம் என்னாட்டம் மடையனுங்கோ!" சொல்லிவிட்டுச் சிரித்துச் சிரித்து இருமினார்.

நான் இந்தியில் சொன்னது: "செக்யூரிட்டி மிகவும் கடுமையாக இருந்தது, மேடம். அப்பா அதை மேற்பார்வை பார்ப்பார்."

தாத்தா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இன்னாடா இது, நான் ஒரு படி அளந்து போட்டா நீ ஒரு ஆழாக்கு ஊத்தற? இந்தி அவ்ளோ சிக்கனமான பாஷையா?"

நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். அந்த அம்மாளும் எதற்கென்று தெரியாமல் சிரித்தார். அப்படியே ஒரு மணி நேரம் போனது. தகர வீட்டை நான் குவார்ட்டர்ஸ் ஆக்கினேன். தாத்தா மண் வாரினார் என்பதை ஆட்களை வேலை வாங்கினார் என்றேன். பக்கத்திலேயே ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. அது எனக்குப் பயமாக இல்லை. அவருக்குத்தான் தமிழ் தெரியாதே.

கடைசியில் தாத்தா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "டேய், இப்ப நான் ஒண்ணு சொல்றேன். இதுக்குத்தான் இந்தப் பொண்ண வரச் சொல்லி நான் சரின்னேன். இத அது அப்டியே எழுதணும். நீ உன் சரக்கக் கலக்காம சொல்லு" என்றார்.

அவர் சொன்னதை இப்போது முழுதாகச் சொல்கிறேன்.

குழிகளில் மருந்து வைத்துத் திரி கொளுத்தியதும் எல்லாரும் ஒதுங்கிப் போய்க் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். திரிகளை ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கொளுத்துவதால் குழிகளும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வெடிக்கும். அதை எண்ணுவதற்கென்றே கூட்டத்தில் ஒருவர். எத்தனை குழியோ அத்தனை சத்தம் கேட்கவேண்டும். ஒன்று குறைந்தால் வெடிக்காத மருந்து பாறைக்குள் இருக்கிறது என்று அர்த்தம். அப்போது யாரும் கிட்டே போகாமல் காத்திருக்க வேண்டும். அடுத்த ஷிப்டுக்குப் பலகையில் எழுதிவைக்க வேண்டும். வாயாலும் சொல்லியாக வேண்டும்.

அன்று எண்ணியவர் தாத்தா. குழி பதினான்கு. அவருக்குக் கேட்டது பதிமூன்று.

"ரெண்டு சேர்ந்தாப்புல வெடிச்சிருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கினேன்" என்றார் தாத்தா. "அப்டி ஆவறதும் உண்டு. ஆனா ஆவல, எனக்கே தெரியும். காத்துக்கினு நின்னா கூண்டு போயிரும். மறு கூண்டுக்கு ஒரு மணி நேரம் கெடக்கணும். பசி. வேற ஒண்ணும் இல்ல, வெறும் பசி. பதினாலும் ஆச்சுன்னு சத்தமா சொன்னேன். மேஸ்திரி எழுதிக்கினான்."

மேலே வந்தபோது, இறங்கப்போகிற ஷிப்டில் பாறைக்குத் துளை போடுகிறவர் சாஃப்ட் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்து லைன்காரர். தாத்தாவை அண்ணன் என்று கூப்பிடுவார். எனக்குச் சித்தப்பா முறை. என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு கிணற்றடிக்கெல்லாம் போனவர். தினமும் போல அன்றும், "எல்லாம் ஆச்சா ணா?" என்று கேட்டார். தாத்தா, "ஆச்சு, போ" என்றார்.

அவர் துளை போட்ட இடத்தில் அந்தப் பதினான்காவது குழியின் மருந்து இருந்தது.

கம்பெனி விசாரணை வைத்தது. பழைய குழியில் துளை போடக் கூடாது என்ற விதியை மீறினார், அவருடைய அலட்சியம்தான் காரணம் என்று முடித்தார்கள். தப்பு செத்தவர் மேல் என்றால் வாரிசுக்கு வேலை கிடையாது, லைன் வீடும் கிடையாது. சித்தி கைப்பிள்ளையோடு சாம்பல் மலைக்கு அந்தப் பக்கம் போய்க் கொட்டகை போட்டுக்கொண்டார். தாத்தா விசாரணையில் நின்று, பதினான்கும் கேட்டது என்று இன்னொரு முறை சொன்னார். அதற்குப் பிறகு அந்தக் கொட்டகைப் பக்கம் அவர் நடந்ததே இல்லை. எனக்குச் சின்ன வயதில் இது புரியாது. ரேஷன் கடைக்குப் போகக்கூட ஊரைச் சுற்றிக்கொண்டு ஏன் போகிறார் என்று நினைப்பேன்.

"இத எழுதணும்" என்றார் தாத்தா. "அவன் மேல தப்பு இல்ல, எண்ணனவன் நான்னு எழுதணும். புக்கு வந்ததும் அந்தூட்டுக்கு ஒண்ணு அனுப்பணும். சொல்லு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அழுகை என்று நினைக்காதீர்கள். பயமும் அவமானமும்தான். இப்போது போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று ஒரு பயம். அது பாதிதான். மீதி என்னவென்றால், இந்த அம்மாள் இன்றைக்குச் சாயங்காலம் அவர் அப்பாவிடம் போய்ச் சொல்வார். நாளைக்குக் காலையில் அந்தக் கண்ணாடியில் சாபின் முகத்தை நான் பார்க்கவேண்டும். 'மூங்கில் தாண்டியவன் மகன், ஆளைக் கொன்றுவிட்டுப் பொய் சொன்னவன் மகன்.' அதுதான் என் மண்டையில் ஓடியது. பெற்றவர் எதிரே உட்கார்ந்து மனதைத் திறந்துகொண்டிருக்கிறார். நான் சாபின் முகத்தை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தியில் இவ்வளவுதான் சொன்னேன்: "அப்பா காலத்தில் ஒரு விபத்து நடந்தது, மேடம். ஒருவர் இறந்துபோனார். அப்பாவுக்கு அதில் ரொம்ப வருத்தம். புத்தகம் வந்தால் அந்த வீட்டுக்கு ஒன்று கொடுக்கச் சொல்கிறார்."

அந்த அம்மாள் முகம் வாடித் தலையை ஆட்டினார். அப்போதுதான் நீ சொன்னாய்.

"அப்பா, தாத்தா தப்பா எண்ணினேன்னு சொன்னாங்கல்ல? அத நீங்க சொல்லவே இல்லையே?"

அந்த அம்மாள் உன்னைப் பார்த்து, "குட்டி என்ன சொல்கிறாள், அண்ணா?" என்று கேட்டார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "இவளுக்குத் தமிழ் சரியாக வராது, மேடம். டில்லியில் பிறந்தவள். தாத்தா பேசுவது பாதி புரியாது" என்று இந்தியில் சொன்னேன். உன்னிடம், "உள்ள போ, ஜல்தி. அம்மாகிட்ட சாய் ஆச்சான்னு கேளு" என்றேன்.

நீ நினைத்திருந்தால் அந்த இந்தியிலேயே எல்லாவற்றையும் அவரிடம் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தாய். என்னைப் பார்த்தாய். எழுந்து உள்ளே போய்விட்டாய்.

"கொழந்த இன்னா கேட்டுச்சு?" என்றார் தாத்தா.

"சாய் குடிக்கிறியான்னு கேட்டா, நைனா."

அன்று தாத்தா இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "இத்தினி வருசமா நெஞ்சுல குந்திக்கினு இருந்துச்சுடா. எறங்கிருச்சு" என்றார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டே, "சரி நைனா" என்றேன். அடுத்த வெயில் காலத்தில் அவர் போய்விட்டார். இறங்கிவிட்டது என்றே நினைத்துக்கொண்டு போனார். நான் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான் என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ரெண்டு சேர்ந்து வெடிச்சிருக்கும் என்று அவர் சொல்லிக்கொண்ட மாதிரி.

அக்கா, நீ அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு என்னிடம் தமிழில் பேசுவதைக் குறைத்தாய். பிறகு நிறுத்திவிட்டாய். நான் தமிழில் கேட்பேன், நீ இந்தியில் பதில் சொல்வாய். மாடியிலிருக்கிற திருநெல்வேலி மாமி, "உம்ம பொண்ணுக்கு நாக்குல தமிழே நிக்கலியே?" என்று கேட்டபோதெல்லாம், "டில்லிப் பிள்ளைங்க, மாமி. இந்த ஊர்க் காத்து அப்படி" என்பேன். ஊர்மேல் பழி போட்டேன். என்னால்தான் நின்றது என்று எனக்குத் தெரியும்.

போன வருஷம் கடைசியில் புத்தகம் வந்தது. பார்சலில் இரண்டு பிரதி. எனக்கு இங்கிலீஷில் போர்டு படிக்க வரும், பக்கம் படிக்க வராது. தாத்தாவின் படத்தைப் பார்த்தேன். சூப்பர்வைசர் என்ற வார்த்தை மட்டும் புரிந்தது. உன்னைப் படிக்கச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. நான்தான் ஒன்றும் சொல்லவில்லையே, சொல்லாததை எப்படி எழுதியிருப்பார்கள் என்று நினைத்தேன். தாத்தா கேட்டுக்கொண்டபடி ஒரு பிரதிக்குள் 'நைனா சொல்லி எழுதிய புத்தகம்' என்று ஒரு கடிதம் வைத்து, தாளில் சுற்றி, சித்தி வீட்டு விலாசம் எழுதி, தபால் ஆபீசில் கொடுத்தேன். நைனாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டதாக அன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து சித்தியின் மகன் போன் செய்தார். என்னைவிடச் சின்னவர். அப்பா செத்தபோது கைப்பிள்ளையாக இருந்தவர்.

"புக்கு வந்துச்சு ணா. நல்லாக்குது. நம்ம மில்லு, சாஃப்ட்டு எல்லாம் படம் போட்டுக்கிறாங்கோ. பெரியப்பா படமும் பாத்தோம். அம்மா தொட்டுக் கும்புட்டுச்சு."

"நல்லதுப்பா."

"எங்க நைனா பத்தியும் ஒரு பாரா வருது ணா. நர்சு படிக்குதே எங்க பாப்பா, என் பொண்ணு, அதான் படிச்சு சொல்லுச்சு." அவள் படித்ததைச் சொன்னார். "ரூல மீறி பழைய குழியில துளை போட்டாராம். அலட்சியமா இருந்ததால செத்துட்டாராம்."

 நான் சொல்லாமல் விட்ட இடத்தை அந்த அம்மாள் கம்பெனியின் பழைய விசாரணைக் காகிதத்தை வைத்து நிரப்பியிருக்கிறார். அவர் வேறு என்ன செய்வார்?

"கம்பெனி அப்டித்தான் எழுதுச்சுன்னு எங்களுக்குத் தெரியும் ணா" என்றார் அவர். "அது பழகிப்போச்சு. ஆனா பெரியப்பா சொல்லி எழுதன புக்குன்னு நீங்க லெட்டர் வச்சு அனுப்புனீங்களே, அதான் கேக்கறேன். பெரியப்பா அப்டியா சொன்னாரு?"

"தெரியலப்பா. நான் படிக்கல" என்றேன்.

"சரி ணா. அம்மாகிட்ட நான் இன்னும் சொல்லல. அது படிக்கத் தெரியாம புக்கத் தலமாட்டுல வச்சுக்கினு படுத்துக்கினு இருக்குது. மூத்தாரு ஏதோ நல்லது சொல்லிட்டுப் போயிருக்காருன்னு வர்றவங்ககிட்ட எல்லாம் காட்டுது." போனை வைத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

அன்று சாயங்காலம் புத்தகத்தை எடுத்து வந்து அந்தப் பக்கத்தைப் படிக்கச் சொல்லி உன்னிடம் நீட்டினேன். நீ படித்துவிட்டு இந்தியில் சொன்னாய். "தமிழ்ல சொல்லும்மா, எனக்கு நல்லாப் புரியட்டும்" என்றேன்.

"எனக்குத் தமிழ் சரியா வராதேப்பா" என்றாய். தமிழில்தான் சொன்னாய். கோபம்கூட இல்லை உன் முகத்தில்.

முதலில் நான் சுலபமான வேலையைச் செய்தேன். எழுதிய அம்மாளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.  ரெக்கார்டு பத்திரமாக இருக்கிறது, தமிழ் தெரிந்தவரை வைத்துக் கேட்டு, மறுபடி அச்சடித்தால் மாற்றுகிறேன் என்றார். "ஏன் அண்ணா அப்படிச் செய்தீர்கள்?" என்றார். "வெட்கமாக இருந்தது, மேடம்" என்றேன். "என் அப்பாவை நினைத்தா?" என்றார். மறுபடி எப்போது அச்சடிப்பார்கள் என்று கேட்டேன். "அந்த வீட்டில் சொல்லிவிட்டீர்களா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். 

மூன்று ஞாயிற்றுக்கிழமை தள்ளிப்போட்டேன். நான்காவதில் பால்கனியில் நின்று போன் போட்டேன். உள்ளே சிக்னல் கிடைக்காது. சித்தியின் மகனிடம், "எண்ணினது எங்க நைனாப்பா. அவர் மேலதான் தப்பு. புக்குக்காரங்ககிட்டயும் அப்படித்தான் சொன்னாரு. நான்தான் இந்தியில சொல்லாம விட்டுட்டேன்" என்றேன். நான்கு வாக்கியத்தில் முடித்துவிட்டேன்.

 அவர், "அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க ணா. என்னால ஆவாது. காது கேக்காது, சத்தமா சொல்லணும்" என்று போனைக் கொடுத்தார்.

அவர் சொன்னது உண்மை. மெதுவாகச் சொன்னேன், "ஆ?" என்றார் சித்தி. கொஞ்சம் உரக்கச் சொன்னேன், "இன்னாப்பா?" என்றார். கடைசியில் கத்தினேன். கீழே கார் துடைத்துக்கொண்டிருந்தவர் அண்ணாந்து பார்த்தார். மாடியில் மாமி துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். யாருக்குத் தெரியக்கூடாது என்று ஆறு வருஷம் மூடி வைத்தேனோ, அதை ஆர்.கே.புரமே கேட்கக் கத்திக்கொண்டிருந்தேன்.

"குழி பதினாலு, சித்தி! கேட்டது பதிமூணு! எங்க நைனா பதினாலுன்னு பொய் சொல்லிட்டாரு!"

"பதிமூணா?"

"பதிமூணுதான், சித்தி!"

 முடிந்தது என்று நினைத்தேன். அப்போது என் பின்னால், கதவோரம் நின்றிருந்த நீ சொன்னாய்: "அப்பா, அவர் கேட்டதச் சொல்லுங்க. 'எல்லாம் ஆச்சா ணா'ன்னு கேட்டாருல்ல. அத இப்பவும் விட்டுட்டீங்க."

ஆமாம், அப்போதும் விட்டிருந்தேன். எண்ணிக்கையில் பொய் சொன்னது வரை சொல்லிவிட்டேன். கேட்டவர் முகத்தைப் பார்த்து 'ஆச்சு, போ' என்று சொன்னதைச் சொல்லவில்லை. அது என் நாக்கில் வரவே இல்லை.

"சித்தி! சித்தப்பா எறங்கறதுக்கு முன்னாடி எங்க நைனாகிட்ட கேட்டாராம்! எல்லாம் ஆச்சா ணான்னு கேட்டாராம்! இவரு ஆச்சு போன்னு சொல்லிட்டாராம்!"

 சித்தி போனை விலக்கிக்கொண்டு மகனிடம் பேசுவது கேட்டது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. "கேட்டுட்டுப் போயிருக்குதுடா உங்க நைனா! அலட்சியமா போவல. கேட்டுட்டுத்தான்டா போயிருக்குது! நான் சொன்னேன்ல, அது கேக்காம போவாதுன்னு. பாப்பா எங்க, கூப்புடு அத!" கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் ஒரே பேச்சுச் சத்தம். நான் காதில் போனை வைத்தபடி நின்றேன்.

பிறகு சித்தி மறுபடி வந்தார். குரல் மாறியிருந்தது.

"ஏம்ப்பா, உங்க நைனா உசுரோட இருக்கசொல்ல ஏன் எங்களுக்குச் சொல்லல?"

"அவரு சொன்னாரு, சித்தி. நான்தான் சொல்லல."

"நீ இன்னாத்துக்கு மறச்ச? உனுக்கு அதுல இன்னா?"

இதற்கும் கத்தித்தான் பதில் சொல்லவேண்டும். மாமி இன்னும் நின்றுகொண்டிருந்தார். "என்னை மட்டமா நெனப்பாங்கன்னு, சித்தி!" என்று கத்தினேன்.

"யாரு?"

"டில்லியில, சித்தி! பெரிய மனுசங்க!"

 சித்தி மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, சபிக்கவும் இல்லை. "எழுதி அனுப்பு" என்றார். "தமிழ்ல எழுது, எங்க பாப்பா படிக்கும். இங்கிலீசு வேணாம். கேட்டுட்டுப் போனாருன்னு எழுது. கையெழுத்துப் போடு. உங்க நைனா பேரையும் எழுது, முழுசா."

"எழுதறேன், சித்தி."

"இப்பவே எழுது" என்று போனை வைத்துவிட்டார்.

அன்றே எழுதினேன். ஒரு பக்கம்தான். எழுதி முடித்ததும் மடிக்காமல் உன்னிடம் கொடுத்தேன். நீ விரல் வைத்து வரி வரியாகப் படித்தாய். ஒரு இடத்தில் நிறுத்தி, "விசாரணையில தாத்தா ரெண்டாவது தடவையும் பொய் சொன்னாங்கல்ல?" என்றாய். அதையும் ஓரத்தில் சேர்த்தேன். தாத்தாவின் பேரை முழுதாக எழுதினேன், கீழே என் கையெழுத்தைப் போட்டேன். திங்கட்கிழமை சாபை இறக்கிவிட்டு வருகிற வழியில் ஸ்பீட் போஸ்ட்டில் போட்டேன். இப்போதைய சாப் வேறு ஆள். என் அப்பா என்ன வேலை பார்த்தார் என்று அவர் இதுவரை கேட்கவில்லை.

கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது, அவர்கள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டதாகத் தபால் ஆபீசிலிருந்து போனில் செய்தி வந்தது. சித்தி வீட்டிலிருந்து அழைப்பு எதுவும் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அவர்கள் எனக்கு ஏதாவது ஆறுதல் சொல்லவேண்டும் என்று எதிர்பார்த்துக் கூப்பிட்டது போலாகிவிடும். சித்தி கேட்டது ஒரு பக்கம், அதில் என்னைப் பற்றி அதிகம் எழுத இடமில்லை. என்னைப் பற்றியது உங்கள் இருவருக்கும் சேரவேண்டியது. ஆகையால் தனியாக எழுதினேன். தம்பிக்கு ஏதாவது புரியவில்லை என்றால், அக்கா, உன் தமிழிலேயே சொல்லிக் கொடு.